எதிர்மலைக்குப் பறந்த வலி

ஊர் ஒலிபெருக்கியில் பெரிதாக எதுவும் வராது. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் பாட்டு வரும். புயல் வந்தால் புயல் செய்தி. மலையில் யாராவது கரடியைப் பார்த்திருந்தால், கரடி எந்தப் பக்கம் போயிற்று என்ற தகவல். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிப் பாட்டு முடிந்த பிறகும் ஒலிபெருக்கி அடங்கவில்லை. தொண்டையைச் செருமியது.

"முகோயாமாவிலேர்ந்து குமேசோ பேசறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் கூடத்துல வியாழக்கிழமை வகுப்பு நடத்தறவங்க கவனத்துக்கு. எங்க ஊருக்கு வலி அனுப்பறதைத் தயவுசெஞ்சு நிறுத்துங்க. வந்து சேந்துடுச்சு. நன்றி."

'நன்றி' என்பது பள்ளத்தாக்கில் மோதி இன்னொரு முறை கேட்டது.

மசுமி அப்போது ஆற்றின் மறுகரையில், கவாகிடாவில் தன் வீட்டு முற்றத்தில் நின்று, தோலுரித்த பெர்சிமன் பழங்களைக் காயப்போடுவதற்காகக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பழம் நழுவித் தரையில் உருண்டது. அவள் அதைப் பார்த்து, "கீழே பாருங்கள், ஒரு பழம் நம்மை விட்டுப் பிரிந்து செல்கிறது" என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை. அதுதான் அவளுடைய பிரச்சினையே.

மசுமி வேலைக்குப் போன நாள் முதல் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தவள். ஓட்டுநருக்குப் பக்கத்தில், சாலைக்கு முதுகும் பயணிகளுக்கு முகமுமாக நின்றுகொண்டு, மலை, அருவி, போரில் தோற்ற பிரபு ஒளிந்திருந்த குகை எல்லாவற்றையும் வெள்ளைக் கையுறை போட்ட கையால் காட்டுவாள். ஒரு விரலால் சுட்டக் கூடாது. முழு உள்ளங்கையையும் திறந்து, பரிமாறுவது போலக் காட்ட வேண்டும். நடுவில் பாட்டும் பாட வேண்டும். போன வருடம் நிறுவனம் பேசும் பெட்டி ஒன்றை வாங்கிப் பேருந்தில் வைத்துவிட்டு, அவளுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பியது. அதன் பிறகு அவள் வீட்டில் வழிகாட்டத் தொடங்கினாள். சோறு வேகும் பாத்திரத்துக்கு, "இன்னும் சற்று நேரத்தில் நாம் கொதிநிலையை அடைவோம்" என்று சொல்வாள். பாத்திரம் கைதட்டாது.

இப்படியே போனால் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்துதான் கியோத்தோவில் ரெய்கி அறிமுக வகுப்பில் சேர்ந்தாள். தலை நரைத்த ஆசிரியை அதிகம் பேசவில்லை. வலிக்கிற இடத்தில் கையை வை. அழுத்தாதே, தேய்க்காதே, குணமாக வேண்டும் என்று அவசரப்படாதே. கை சூடாகும், அது தன் வேலையைப் பார்க்கும், நீ குறுக்கே நிற்காதே. இவ்வளவுதான் பாடம். மசுமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருடமாக இந்தக் கைகள் காட்டியதெல்லாம் தொட முடியாத தூரத்தில் இருந்தவை. இப்போது பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் தோளில் வலது கை இருந்தது, தோள் மூச்சு விடுவது கைக்குத் தெரிந்தது. மசுமிக்கு அழுகை வந்துவிட்டது. விடைபெறும்போது ஆசிரியை ஒன்றே ஒன்று சொன்னாள்: "உங்க கை நல்ல கை. வாயை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

ஊருக்கு வந்து, கவாகிடாவுக்கும் முகோயாமாவுக்கும் பொதுவான சமுதாயக் கூடத்தை வியாழக்கிழமை மதியங்களில் கேட்டு வாங்கினாள். 'மென்மையான தொடுதல், ஓர் அறிமுகம்' என்று தாளில் எழுதி, வாசலில் நிற்கும் தனுக்கியின் கழுத்தில் மாட்டினாள். தனுக்கி பீங்கான் பொம்மை. பானை வயிறு, வைக்கோல் தொப்பி, கையில் சாராயக் குடுவை. நரியும் கரடியும் சம்பந்தம் பண்ணிக்கொண்டது போல இருக்கும் அந்தக் காட்டு விலங்கு, எல்லாக் கடை வாசலிலும் இருப்பது போல அங்கேயும் எதற்கோ சிரித்துக்கொண்டு நின்றது.

முதலில் வந்தவள் முடி திருத்தும் கடை ஷிகேயோ. கவாகிடாவின் எல்லாச் செய்திகளுக்கும் சுருள் போட்டு அனுப்புகிறவள் அவள்தான். அவளோடு சில தோழிகளும் வந்தார்கள். மசுமி அவர்களை உட்காரவைத்து, கைகூப்பி ஆரம்பிக்கச் சொன்னாள். கை எவ்வளவு எடையோடு இருக்க வேண்டும் என்று கேட்டபோது, "பூனை மடியில வந்து உக்காரும் பாருங்க, அந்த எடை. நீங்க கூப்பிட்டு வந்த பூனை இல்லை, தானா வந்த பூனை" என்று விளக்கினாள். எல்லாருக்கும் புரிந்தது.

அதற்கு மேல்தான் அமைதியாக இருக்க வேண்டும். மசுமியால் முடியவில்லை. முன்னால் இத்தனை முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் இருந்தால் அவளுக்குப் பேருந்து பள்ளத்தில் போவது போலத் தோன்றும். ஷிகேயோவின் முழங்காலில் கையை வைத்தாள். கை சூடாயிற்று. வாயும் திறந்துகொண்டது.

"இப்போது நாம் இடது முழங்காலை வந்தடைந்திருக்கிறோம். படிக்கட்டுகளுக்குப் பேர் போன இடம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதா? மசுமி தன்னை மறந்தாள். விழுந்த குழந்தைக்கு அம்மாக்கள் சொல்வார்களே, அது நாக்கில் வந்துவிட்டது.

"வலியே வலியே, எதிர்மலைக்குப் பறந்து போ."

சொன்னதோடு விடாமல், பழக்கதோஷத்தில், திறந்த உள்ளங்கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டவும் செய்தாள். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. நாட்டில் எல்லா அம்மாக்களும் சொல்கிற வரிதான் அது. வேறு ஊர்களில் எதிர்மலை என்பது பேச்சுக்கு ஒரு மலை. இங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊரின் பெயரே அதுதான். முகோயாமா என்றால் எதிர்மலை. ஜன்னலில் அதன் கூரைகளும், கொடியில் காய்கிற துணியும், குமேசோவின் கொன்யாகு கிழங்குத் தோட்டமும் பளிச்சென்று தெரிந்தன. சரியான விலாசம்.

ஷிகேயோ எழுந்து, கைப்பிடியைத் தொடாமல் வாசல் படி இறங்கி ஏறிக் காட்டினாள். மறு வாரம் எல்லாருக்கும் அந்த வரி வேண்டியிருந்தது. தோள் வலி, இடுப்பு வலி, மாமியாரால் வந்த தலைவலி எல்லாம் ஆற்றைக் கடந்து போயின.

அன்று மாலைதான் குமேசோவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

குமேசோ லேசான ஆள் இல்லை. முகோயாமாவின் தலைவர். கூடத்தின் சாவி, கூடத்தின் குழு, ஒலிபெருக்கியின் மைக் எல்லாம் அந்த வருடம் அவர் வசம். ஒலிபெருக்கி பேசிய மறுநாள் காலையிலேயே ஷிகேயோ செய்தி கொண்டுவந்தாள்: வர வியாழக்கிழமைக்குள் வலி திரும்பப் பெறப்படாவிட்டால், கூடத்தில் தொடுதல் வகுப்பு கிடையாது. வேண்டுமானால் அந்த நேரத்தில் கொன்யாகு அவிப்பார்கள்.

மசுமி இதைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அடுப்பங்கரையில் சோற்றுப் பாத்திரம் அவளுக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

தோழிகள் முடி திருத்தும் கடையில் கூடினார்கள். வலியை இனி வேறு எங்கே அனுப்புவது என்று பேச்சு. ஷிகேயோ ஒருத்தியின் தலையில் சுருள் மாட்டிக்கொண்டே கடலுக்கு அனுப்பலாம் என்றாள். சுருளுக்குள் இருந்தவள், தன் மருமகன் கணவாய் பிடிக்கும் படகில் இருக்கிறான் என்று ஆட்சேபித்தாள். தோக்கியோ என்றால் எல்லார் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். நிலவு என்று ஒரு யோசனை வந்தது. அங்கே முயல் ஒன்று ஓயாமல் மாவு இடித்துக்கொண்டிருக்கிறது, பாவம் அதற்கு ஏற்கெனவே தோள் போயிருக்கும் என்று அதையும் விட்டுவிட்டார்கள். ஹொக்கைதோ என்றபோது ஷிகேயோவின் கை நின்றது. அவளுடைய முன்னாள் கணவன் அங்கே இருந்தான்.

"அங்க அனுப்பலாம்" என்றாள். "எனக்கு ஆட்சேபம் இல்லை."

மற்றவர்கள் அவளை அமைதிப்படுத்தினார்கள். கடைசியில், சொந்தபந்தம் எதுவும் இல்லாதது கூடத்து வாசல் தனுக்கி ஒன்றுதான் என்று முடிவாயிற்று. அது எதைக் கொடுத்தாலும் சிரிக்கும்.

இந்தத் தீர்வோடு மசுமி பாலத்தைக் கடந்து முகோயாமாவுக்குப் போனாள். வெறுங்கையோடு போக முடியாது என்பதால் நல்ல கடையில் அரிசி அப்பளப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். கடித்தால் தெருக்கோடி வரை கேட்கும் ரகம். குமேசோ பெட்டியைத் திறந்து பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு அப்பளத்தைப் பார்த்தார், பிறகு மசுமியைப் பார்த்தார்.

"என்னம்மா, கிண்டலா?"

மசுமி தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் மனைவி தோகி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்துக் கடித்தாள். வீடு அதிர்ந்தது. குமேசோ கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

மசுமி தனுக்கி ஏற்பாட்டைச் சொன்னாள். இனிமேல் வருவது வராது. குமேசோ அது போதாது என்றார். இனிமேல் வருவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வந்து உட்கார்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஷிகேயோவின் முழங்கால் வலி தன் வாய்க்குள் குடியிருக்கிறது, அது படி ஏறி இறங்குவது தனக்குத் தெரிகிறது என்றார்.

"அது எப்படி முழங்கால் வலி பல்லுக்கு வரும்?" என்று தோகி கேட்டாள்.

"எல்லாம் மடங்கற இடம்தானே."

தோகி இன்னொரு அப்பளத்தை எடுத்தாள். "நம்ம பிள்ளைங்க சின்னதுல விழுந்தப்போ நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? உங்கம்மா என்ன சொன்னாங்க?"

குமேசோ அப்பளப் பெட்டியை மூடப் பார்த்தார்.

"எதிர்மலைக்குப் போன்னு இங்க சொல்ல முடியாதில்லை. நாமதானே எதிர்மலை. கவாகிடாவுக்குப் போன்னுதான் சொல்வோம்." அவள் மசுமியின் பக்கம் திரும்பினாள். "மனசுல வச்சுக்காதம்மா. இந்த ஊர் ஊரான நாள்லேர்ந்து எங்க பிள்ளைங்க முட்டி வலியெல்லாம் உங்க ஊர்லதான் இருக்கு."

மசுமிக்குத் தன் ஊரில் ஏன் இத்தனை முழங்கால் வலி என்று ஒரு கணம் விளங்கியது போல இருந்தது. குமேசோ மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. பழைய கதை வேறு, தன் பல் வேறு. எடுத்துக்கொண்டு போனால் கூடம், இல்லாவிட்டால் கொன்யாகு.

வேறு வழியில்லாமல் மசுமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கைகூப்பினாள். வலது கையை அவர் கன்னத்தில் வைத்தாள், தானாக வந்த பூனையின் எடையில். கன்னம் ஏற்கெனவே அவள் கையை விடச் சூடாக இருந்தது. குமேசோ முதலில் விறைத்தார். அவருடைய கன்னத்தை யாராவது தொட்டுப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்ந்து அவள் உள்ளங்கையில் தங்கியது. தோகி கடிப்பதை நிறுத்தினாள்.

"நின்னுடுச்சு" என்றார் குமேசோ, கண்ணைத் திறக்காமல். அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "எடுத்துக்கிட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடம் அவளுடையது. வியாழக்கிழமைகள் அவளுடையவை. பேருந்தில் எத்தனையோ முறை அவள் பனி மூடிய ஜன்னல்களைக் காட்டி, அங்கே மலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் பார்த்துவிட்டு, ஆகா என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அப்போது மலை உண்மையிலேயே இருந்தது. இப்போது அவள் கைக்குக் கீழே, கன்னத்துக்குள், பல் ஒன்று அழுகிக்கொண்டிருந்தது.

"இல்லை, தலைவரே" என்றாள். "கொஞ்ச நேரம் தூங்கியிருக்கு, அவ்வளவுதான். மறுபடி முழிச்சுக்கும். இது எங்க ஊர்லேர்ந்து வந்தது இல்லை. உங்க பல்லு. நீங்க பல் டாக்டர்கிட்ட போகணும்."

குமேசோவின் கண் திறந்தது. மூக்கு சிவந்தது.

மசுமி அவசரமாக, ரெய்கியில் தினமும் சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி ஒன்று உண்டு என்றாள். இன்று ஒரு நாள் மட்டும் கோபப்படமாட்டேன் என்று தொடங்கும்.

"இன்னிக்கு மட்டுமா?"

"இன்னிக்கு மட்டும்தான்."

குமேசோ யோசித்தார். "சரி. நாளைக்குக் காலைல கூடத்தைப் பூட்டிக்கறேன்."

மறுநாள் காலை மசுமி கூடத்துக்குப் போனாள், தன் விரிப்புகளையும் வெள்ளைக் கையுறைகளையும் எடுத்துக்கொள்ள. குமேசோ ஏற்கெனவே அங்கே இருந்தார். தலையைச் சுற்றித் துண்டு, துண்டுக்குள் கன்னத்துக்கு ஒத்தடமாக ஒரு சூடான கொன்யாகு. சாவி கையில் இருந்தது. பூட்டாமல் தனுக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க எது எது என்று சட்டென்று தெரியவில்லை.

"முழிச்சுக்கிச்சு" என்றார்.

பல் மருத்துவமனை கூடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால், அதே தெருவில் இருந்தது. இந்தப் பக்கம் வந்தவர் அங்கேதான் போக வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. போகாமல் நிற்பது ஏன் என்பதும் தெரிந்தது. அவர் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த டாக்டர் பொண்ணு பேசவே மாட்டேங்குதும்மா. வாயைத் திறங்கன்னு சொல்லுது, அப்புறம் ஒரே சத்தம். என்ன நடக்குது, எங்க போயிட்டிருக்கோம், இன்னும் எவ்வளவு தூரம், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீ பஸ்ல இருந்தியாமே."

மசுமி உள்ளே போய்த் தன் கையுறைகளை எடுத்து வந்தாள்.

அந்த மருத்துவர் நல்ல மாதிரி. கூட ஒரு வழிகாட்டி நிற்க வேண்டும் என்று கேட்டபோது முகமூடிக்கு மேலே புருவம் மட்டும் உயர்ந்தது. மசுமி நாற்காலிக்குப் பக்கத்தில், சாலைக்கு முதுகு காட்டுவது போலவே நிமிர்ந்து நின்றாள். ஒரு கையுறையைக் கழற்றி, வெறுங்கையைக் குமேசோவின் கைமேல் வைத்தாள். மருத்துவர் காதோரம் சொல்லச் சொல்ல, அவள் அதைப் பயணிகளுக்கு அறிவித்தாள்.

"இன்றைய பயணத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். முதலில் ஒரு சிறிய கொசுக்கடி. இந்தப் பகுதிக் கொசுக்கள் கொஞ்சம் பெரியவை. கடந்துவிட்டோம். இனி கொஞ்ச நேரத்துக்குப் பனிமூட்டம், கன்னம் இருக்கிறதா என்று தெரியாது, கவலை வேண்டாம், அங்கேதான் இருக்கிறது. இப்போது ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைகிறோம். சத்தமாக இருக்கும். சுரங்கத்துக்கு முடிவு உண்டு."

சுரங்கத்துக்கு நடுவில் குமேசோ பிடித்த பிடியில் அவளுடைய கை எலும்புகள் நொறுங்கிவிடும் போல இருந்தன. அது பூனையின் எடை இல்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை. ஆமாம், பாடவும் செய்தாள், பழைய மலைச்சாலைப் பாட்டு. மருத்துவர் முகமூடிக்குள் கூடவே முணுமுணுத்ததாக, காத்திருப்பு அறையில் இருந்த ஷிகேயோ பிறகு சத்தியம் செய்தாள். அவள் அங்கே ஏன் இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"வலது பக்கம் பாருங்கள்" என்றாள் மசுமி. ஒரு தட்டில் பல் கிடந்தது.

குமேசோ பல்லைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டார். கீழ்த்தாடைப் பல். கீழ்ப் பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப் பல் மேல்நோக்கி நேராக முளைக்கும். இந்த வயதில் இனி எங்கே முளைக்கப் போகிறது என்று ஷிகேயோ கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் மேலே நடந்து போய், கூடத்தின் கூரைக்கு வீசினார். பல் ஓடுகளில் தடதடவென்று உருண்டு வந்து, கூரை விளிம்பில் ஒரு நொடி யோசித்து, கீழே விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை. குமேசோ சாவியை மசுமி கையில் வைத்துவிட்டு, மரத்துப்போன வாயால் ஏதோ சொன்னார். நன்றியாகவும் இருக்கலாம், கொன்யாகுவாகவும் இருக்கலாம்.

அன்று மாலை ஐந்து மணிப் பாட்டுக்குப் பிறகு ஒலிபெருக்கி மீண்டும் செருமியது. வியாழக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடக்கும். வலிகள் இனி தனுக்கிக்கு அனுப்பப்படும். முகோயாமா மக்களும் தங்களுடையதைக் கவாகிடாவுக்கு அனுப்பாமல் நேரில் கொண்டுவரலாம்.

வியாழக்கிழமை குமேசோ தோகியோடு வந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டு, வாசலைத் தாண்டாமல் நின்றார். மசுமி வந்து பார்த்தபோது அவர் தனுக்கிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பொம்மையின் இடது கன்னத்தில், காதிலிருந்து வாயோரம் வரை, மெல்லிய விரிசல். அது அவருடைய பல் இருந்த அதே பக்கம்.

அது பல் விழுந்து வந்த விரிசலா, முன்பே இருந்ததா, இல்லை இந்த வாரம் வந்த வலிகளைத் தாங்க மாட்டாமல் விட்டதா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. தனுக்கி சிரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பு இப்போது கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது போலத் தெரிந்தது. யாருக்கும் உள்ளே போக மனம் வரவில்லை.

முதலில் கையை வைத்தவர் குமேசோதான், விரிசல்மேல். தோகி வயிற்றில் வைத்தாள். ஷிகேயோ தொப்பியைச் சரிசெய்துவிட்டுத் தோளில் வைத்தாள். இடம் கிடைக்காதவர்கள் சாராயக் குடுவையைப் பிடித்துக்கொண்டார்கள். மசுமி தன் கையைக் குமேசோவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பீங்கான் சில்லென்று இருந்தது. பிறகு அவ்வளவு சில்லென்று இல்லை.

எல்லாரும் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். எதுவும் சொல்ல வேண்டும் போல இல்லை. கை என்னவோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேருந்து எந்தப் பள்ளத்திலும் போகவில்லை.

குமேசோவால்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, இதோட வலிய எங்க அனுப்பறோம்?"

சிலர் ஆற்றைப் பார்த்தார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள். ஷிகேயோ வடக்கே, ஹொக்கைதோ இருக்கும் திசையைப் பார்த்தாள். தோகி அவளை முழங்கையால் இடித்தாள்.

குமேசோ நாக்கால் வாய்க்குள் துழாவிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, என்கிட்டயே அனுப்புங்க" என்றார். "ஒரு இடம் காலியாத்தான் இருக்கு."